கார்ட்லெஸ் மைக் வாங்கப் போகிறீர்களா? விழாக் கமிட்டிக்கு 22 குறிப்புகள்

எலப்புள்ளி, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் என்று தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் பாலக்காட்டு எல்லை ஊர்களில் மைக் இல்லாத விசேஷம் கிடையாது. மாரியம்மன் பொங்கல், பள்ளி ஆண்டு விழா, கல்யாண வரவேற்பு, ஓணப் போட்டி, கட்சிக் கூட்டம் எதுவானாலும் “ஹலோ, செக்” என்ற குரலோடுதான் தொடங்கும். வாடகைக்கு எடுத்துக்கொண்டிருந்த கமிட்டிகளும் கிளப்புகளும் இப்போது சொந்தமாக ஒரு கார்ட்லெஸ் செட் வாங்க நினைக்கின்றன. கடைக்குப் போனால் மைக்கைக் கையில் எடுத்து, கனம் பார்த்து, ஊதிப் பார்த்து வாங்கிவிடுகிறோம். கையில் இருப்பது செட்டில் பாதிதான். ரிசீவரும், இரண்டுக்கும் நடுவே ஓடும் அலைவரிசையும் மறுபாதி. மேடையில் மானம் போவது பெரும்பாலும் அந்த மறுபாதியால்தான். அதையும் சேர்த்துப் பார்த்து வாங்க இந்தக் குறிப்புகள் உதவும்.

வாங்கும் முன்

1. எத்தனை நாள், எத்தனை பேர் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். வருடத்துக்கு ஒரு திருவிழா மட்டும் என்றால் நல்ல சவுண்ட் சர்வீஸ்காரரிடம் வாடகைக்கு எடுப்பதே லாபம். மாதம் ஒரு நிகழ்ச்சியாவது நடக்கும் பள்ளி, பஜனை மடம், மண்டபம், வாசகசாலைக்குத்தான் சொந்த செட் கட்டுப்படியாகும்.

2. யார் நடப்பார், யார் உட்காருவார் என்றும் எழுதுங்கள். ஸ்டாண்டில் நிற்கும் மைக்குக்கு வயர்லெஸ் தேவையில்லை. அதே காசுக்கு வயர் மைக்கில் இன்னும் தரமான சாமான் கிடைக்கும். நடந்துகொண்டே பேசும் தொகுப்பாளர், கூட்டத்துக்குள் இறங்கும் நடுவர், ஆடிக்கொண்டே பாடும் பாடகர் ஆகியோருக்கே கார்ட்லெஸ். மைக் வைத்தால் மிருதங்கத்தின் நாதம் கெடும் என்று மைக் இல்லாத கச்சேரிகளை வலியுறுத்திய பாலக்காடு மணி ஐயரின் பெயரிலேயே இருக்கும் மாவட்டம் இது. சின்ன மண்டபத்தில் எல்லாவற்றுக்கும் மைக் வைக்க வேண்டியதில்லை என்பதை அவர் பெயரைச் சொல்லியே கமிட்டியில் வாதாடலாம்.

3. எந்த அலைவரிசையில் ஓடுகிறது என்று கேளுங்கள். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் இரட்டை மைக் செட்டுகளில் பல விஎச்எஃப் வகை. வகுப்பறைக்கும் வீட்டுக் கொலுவுக்கும் அது போதும். இன்னொரு வகை 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும். வைஃபையும் புளூடூத்தும் அதே இடத்தில்தான் ஓடுகின்றன. ஆயிரம் பேர் போனோடு வந்து உட்காரும் திருவிழா மைதானத்தில் அதை நம்ப முடியாது. மேடை வேலைக்கு யுஎச்எஃப் வகையே பொருத்தம். அதிலும் 470 முதல் 698 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பழைய டிவி பட்டைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். தூர்தர்ஷனின் பழைய தரைவழி ஒளிபரப்பு 2021-இல் பெரும்பாலான இடங்களில் நிறுத்தப்பட்டுவிட்டதால் அங்கே இடம் தாராளம்.

4. 700-இல் தொடங்கும் எண்ணைக் கண்டால் மைக்கைக் கீழே வைத்துவிடுங்கள். நம் நாட்டில் 703 முதல் 748 மெகாஹெர்ட்ஸ் வரை செல்போன்கள் அலை அனுப்பும் இடம். 758 முதல் 803 வரை செல்போன் கோபுரம் அனுப்பும் இடம். 2022 ஏலத்தில் ஜியோ இந்தப் பட்டையை எடுத்து 5ஜிக்குப் பயன்படுத்துகிறது. கடையில் சோதிக்கும்போது மைக் ஒழுங்காகவே பேசும். விழா அன்று கூட்டம் சேர்ந்து, ஆளுக்கொரு வீடியோ அனுப்பத் தொடங்கியதும் கரகரக்கும். எண் எங்கே என்று தேட வேண்டாம். மைக்கின் அடிப்பகுதியிலோ பேட்டரி மூடிக்குள்ளோ ரிசீவரின் பின்புறத்திலோ ஸ்டிக்கரில் அச்சடித்திருக்கும்.

5. வெளிநாட்டிலிருந்து வரும் பழைய செட்டில் கூடுதல் எச்சரிக்கை தேவை. வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறவர் “நல்ல கம்பெனி செட், பாதி விலை” என்று கொண்டுவருவது இந்தப் பக்கம் சகஜம். அமெரிக்காவில் 2010 ஜூன் 12 முதல் 700 பட்டையில் வயர்லெஸ் மைக்குகளுக்குத் தடை. 600 பட்டையிலும் பெரும்பகுதியை 2020 ஜூலை 13-க்குப் பிறகு பயன்படுத்தக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். அங்கே பயன்படுத்த முடியாமல் போன, பெயர்பெற்ற கம்பெனியின் நல்ல மைக்கும் இப்படித்தான் மலிவு விலைக்கு வந்து சேர்கிறது. பிராண்டைப் பார்க்கும் முன் எண்ணைப் பாருங்கள்.

6. அலைவரிசையை மாற்றும் வசதி கட்டாயம் வேண்டும். ஒரே எண்ணில் பூட்டிய செட்டை வாங்கினால், பக்கத்து மண்டபத்தில் அதே மாடல் இருக்கும் நாளில் அந்தக் கல்யாணத்து அறிவிப்பு உங்கள் ஸ்பீக்கரில் கேட்கும். ‘ஸ்கேன்’ பட்டனை அழுத்தினால் ரிசீவரே காலி இடத்தைத் தேடி எடுத்து, ‘சிங்க்’ கொடுத்ததும் மைக்கும் அதே இடத்துக்கு மாறும் செட்டே மேல். ஸ்கேன் செய்யும்போது உங்கள் மைக்குகள் எல்லாம் அணைந்திருக்க வேண்டும்.

7. இரண்டு மைக்குக்கு மேல் வாங்கினால் ஒரே கம்பெனி, ஒரே வரிசையில் வாங்குங்கள். பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு மைக்குகள் சேர்ந்து, யாரும் கேட்காத புதிய அலைகளை உண்டாக்கும். ஒரு மைக் 600, இன்னொன்று 601 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். 599-இலும் 602-இலும் கள்ள அலை முளைக்கும். மூன்றாவது மைக்கை வரிசையாக இருக்கட்டும் என்று 602-இல் வைத்தால் அது தொல்லை கொடுக்காமல் இருக்காது. அதனால்தான் இடைவெளி சமமாக இருக்கக் கூடாது. நல்ல செட்டுகளில் இந்தக் கணக்கைக் கம்பெனியே போட்டு ‘குரூப், சேனல்’ என்று பிரித்துக் கொடுத்திருக்கும். எல்லா மைக்கையும் ஒரே குரூப்பில், வேறு வேறு சேனலில் வைத்தால் போதும்.

8. ரிசீவரில் ‘ட்ரூ டைவர்சிட்டி’ இருக்கிறதா என்று கேளுங்கள். மைக்கிலிருந்து கிளம்பும் அலை நேராகவும் வரும். தகர ஷெட்டிலும் சுவரிலும் பட்டுத் திரும்பியும் வரும். இரண்டும் ஓரிடத்தில் மோதி ஒன்றையொன்று அழித்தால் அரை நொடி சத்தம் அறுந்துபோகும். ட்ரூ டைவர்சிட்டியில் ஒரே பெட்டிக்குள் இரண்டு தனித்தனி ரிசீவர் வேலை செய்து, தெளிவாக இருப்பதை எடுத்துக்கொள்ளும். வெளியே இரண்டு ஆன்டெனா நீட்டிக்கொண்டிருந்தாலே டைவர்சிட்டி என்று நம்பிவிடாதீர்கள். இரட்டை மைக் செட்டில் மைக்குக்கு ஒரு ஆன்டெனா என்ற கணக்கிலும் இரண்டு இருக்கும்.

9. அனலாக் நல்லதா, டிஜிட்டல் நல்லதா? பட்ஜெட் இருந்தால் டிஜிட்டல். இரைச்சல் குறைவு, ஒரே இடத்தில் அதிக மைக்குகளை அடுக்கலாம். குரல் தாமதமாக வரும் என்ற பயம் வேண்டாம். நல்ல டிஜிட்டல் செட்டில் தாமதம் 2 முதல் 4 மில்லிநொடி. ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்று கேட்பதற்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு குணம் மட்டும் நினைவிருக்கட்டும்: அலை குறைந்தால் அனலாக் முதலில் கரகரத்து எச்சரிக்கும். டிஜிட்டல் கடைசிவரை சுத்தமாகப் பேசிவிட்டுச் சட்டென்று நின்றுவிடும்.

கடையில்

10. மேடைக்கு டைனமிக் தலையே முதல் தேர்வு. 1966-இல் வந்த ஷூர் எஸ்எம்58 இன்றும் மேடைதோறும் நிற்பதற்குக் காரணம், கீழே விழுந்தாலும் தாங்கும் உடம்பும், தூரத்துச் சத்தத்தை அதிகம் வாங்காத குணமும்தான். கண்டென்சர் தலையில் குரலின் நுணுக்கம் கூடும். கூடவே பக்கத்துத் தபலா, பின்னால் ஓடும் ஃபேன் எல்லாம் உள்ளே வரும். பழகிய பாடகர், பழகிய ஆபரேட்டர், அடக்கமான மண்டபம் மூன்றும் அமைந்தால் கண்டென்சர் வாங்குங்கள். பத்துப் பேர் கைமாறும் மைக்குக்கு டைனமிக் போதும்.

11. கார்டியாய்டா, சூப்பர் கார்டியாய்டா என்று கேட்டு வாங்குங்கள். கார்டியாய்டு மைக் தனக்கு நேர் பின்னால் வரும் சத்தத்தை வாங்காது. பாடுபவரின் எதிரே, மைக்கின் வாலுக்கு நேராக மானிட்டர் வைக்கலாம். சூப்பர் கார்டியாய்டு பக்கவாட்டில் இன்னும் கட்டுப்பாடானது. ஆனால் நேர் பின்னால் கொஞ்சம் வாங்கும். அதற்கு மானிட்டரைச் சற்று ஓரமாகத் தள்ளி வைக்க வேண்டும். மைக்கை மாற்றிவிட்டு மானிட்டரைப் பழைய இடத்திலேயே விட்டால் கூவல் நிற்காது.

12. செண்டமேளம், பஞ்சவாத்தியம் நடக்கும் இடத்தில் அறிவிப்புச் செய்ய சூப்பர் கார்டியாய்டு டைனமிக் நல்லது. அறிவிப்பாளர் மேளத்துக்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது. மேளத்தைச் சற்று ஓரமாகப் பார்த்து நிற்க வேண்டும். அப்போதுதான் மைக்கின் செவிட்டுப் பக்கம் மேளத்தின் பக்கம் இருக்கும். உதட்டுக்கும் வலைக்கும் இரண்டு விரல் இடைவெளி போதும்.

13. ஸ்விட்சைத் தொட்டுப் பாருங்கள். தெரியாமல் கை பட்டால் அணைந்துவிடும் ஸ்விட்ச் மேடைக்கு ஆகாது. ‘லாக்’ வசதி வேண்டும். ஆன், ஆஃப் செய்யும்போது ஸ்பீக்கரில் ‘டப்’ என்று அடிக்கிறதா என்றும் கேளுங்கள். ரிசீவர் உலோகப் பெட்டியாகவும், ஆன்டெனா கழற்றி மாட்டக்கூடியதாகவும், பின்னால் எக்ஸ்எல்ஆர் அவுட்புட் உள்ளதாகவும் இருக்கட்டும். தண்டி பின் அவுட்புட் மட்டும் இருந்தால் நீளமான கேபிளில் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் சேரும்.

14. பில், கேரண்டி, உதிரிபாகம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். வலை, பேட்டரி மூடி, ஆன்டெனா தனியாகக் கிடைக்குமா? சர்வீஸ் பாலக்காட்டிலா, கோயமுத்தூரிலா, இல்லை டெல்லிக்கு அனுப்ப வேண்டுமா? ஆஹுஜா போன்ற உள்நாட்டுக் கம்பெனி செட்டுக்குச் சின்ன ஊரிலும் ரிப்பேர் ஆள் கிடைப்பது பெரிய வசதி. ஷூர், சென்ஹைசர் பெயரில் போலிகள் ஏராளம். அசல் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு ஒருவர் தந்தால் அது அசலாக இருக்காது. வயர்லெஸ் கருவிகளுக்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தரும் இடிஏ சான்று அந்த மாடலுக்கு உண்டா என்றும் கேளுங்கள். முறையான விற்பனையாளர் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார்.

மைதானத்தில்

15. ரிசீவரை மிக்சருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மேடை ஓரத்தில் வையுங்கள். மிக்சர் கூட்டத்துக்குப் பின்னால் இருக்கும். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். யுஎச்எஃப் அலையை அது உறிஞ்சிக்கொள்ளும். கூட்டத்தைத் துளைத்துக்கொண்டு அலை வருவதைவிட, மேடையோரம் ரிசீவரை வைத்து அங்கிருந்து எக்ஸ்எல்ஆர் கேபிள் இழுத்துவிடுவது சுலபம். 50 மீட்டர் கேபிள் என்றாலும் குரல் கெடாது. ஆள் தலைக்கு மேல் உயரத்தில், இரும்புச் சட்டத்தையும் எல்இடி திரையையும் சீரியல் செட்டையும் விட்டு விலக்கி வையுங்கள். இரண்டு ஆன்டெனாவும் ‘வி’ எழுத்துப் போல விரிந்திருக்க வேண்டும்.

16. விழா தொடங்கும் முன் நடந்து பாருங்கள். முதலில் மைக்கை அணைத்துவிட்டு ரிசீவரை மட்டும் போடுங்கள். ஆர்எஃப் விளக்கு எரிந்தால் அந்த அலைவரிசையில் வேறு யாரோ இருக்கிறார்கள், சேனலை மாற்றுங்கள். பிறகு ஒருவர் மைக்கில் எண்களைச் சொல்லிக்கொண்டே மேடையின் நான்கு மூலை, பக்கத்துப் படி, கூட்டத்தின் நடுவழி என்று நடக்கட்டும். இன்னொருவர் ரிசீவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் நிற்கட்டும். “அண்ணா, கொடிமரத்துக்குப் பக்கத்துல வெளக்கு ஒண்ணாயிருச்சு” என்று அவர் கூவினால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ரிசீவருக்கு முதுகு காட்டி, மைக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டும் ஒருமுறை நடக்க வேண்டும். பந்தலில் எல்இடி விளக்குகளை எல்லாம் எரியவிட்டே இதைச் செய்யுங்கள். வெறும் மைதானத்தில் தேறிய மைக் கூட்டத்தில் திணறுவதும் உண்டு. அதனால் ஆர்எஃப் விளக்கில் இரண்டு கோடாவது மிச்சம் இருக்கும்படி பாருங்கள்.

17. சத்தத்தை மைக்கிலிருந்தே சரிசெய்துகொண்டு வாருங்கள். மைக்கிலேயே ‘கெயின்’ உண்டு. பேசுபவர் உச்சத்தில் கத்தும்போது மட்டும் பீக் விளக்கு மின்னினால் சரி. கட்சிப் பேச்சாளருக்கு வைத்த அளவிலேயே ஐந்தாம் வகுப்புக் குழந்தையைப் பேசவிட்டால் ஆபரேட்டர் மிக்சரில் ஏற்றுவார்; இரைச்சலும் சேர்ந்து ஏறும். ரிசீவரின் பின்னால் ‘மைக், லைன்’ ஸ்விட்ச் இருந்தால் மிக்சரின் மைக் சாக்கெட்டுக்கு ‘மைக்’ என்றே வையுங்கள். தவறினால் குரல் கிழிந்து வரும்.

18. மைக் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். வலையைக் கையால் பொத்திப் பிடிப்பது இளைஞர்களுக்கு ஸ்டைல். பொத்தியதும் மைக் நாலாபக்கச் சத்தத்தையும் வாங்கும், உடனே கூவும். அடியைப் பிடிப்பதும் தவறு. பெரும்பாலான மைக்குகளில் ஆன்டெனா அங்கேதான் இருக்கிறது. கரண்டியைப் பிடிப்பது போல நடுவில் பிடித்தால் போதும். கூவினால் கையால் மூடாமல், ஸ்பீக்கருக்கு முன்னால் போகாமல், இரண்டடி பின்னால் வரச் சொல்லுங்கள்.

19. காற்றுக்குத் தொப்பி போடுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுக்கொடுத்த இடம் பாலக்காட்டுக் கணவாய். கார்த்திகையிலிருந்து தை வரை கிழக்குக் காற்று அதன் வழியாகப் புகுந்து வீசும். பக்கத்துக் கஞ்சிக்கோட்டில் மின்சார வாரியம் காற்றாலை நிறுவியதே கணவாய்க் காற்றை நம்பித்தான். திறந்தவெளி மேடையில் அது வலைக்குள் புகுந்தால் ஸ்பீக்கரில் ‘புஸ்… தடதட’ என்று கேட்கும். ஸ்பாஞ்சு உறை ஒன்று மாட்டி, மிக்சரில் ‘லோ கட்’ பட்டனைப் போடுங்கள். மைக்குக்கு ஒன்று என்று உறைகளைச் செட்டோடேயே வாங்கிவிடுவது நல்லது.

20. பேட்டரியில் கஞ்சத்தனம் வேண்டாம். ஏஏ பேட்டரி போடும் மைக் என்றால் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். அடிக்கடி நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கு நல்ல நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல்கள் லாபம். அவை 1.2 வோல்ட், அல்கலைன் 1.5 வோல்ட். மைக்கில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு இருந்தால் அதைச் சரியாக வையுங்கள். இல்லையென்றால் அளவுகோல் பொய் சொல்லும். நிகழ்ச்சிக்கு முன் புதிய ஜோடி, இடைவேளையில் ஒரு பார்வை. புதியதையும் பழையதையும் கலக்கக் கூடாது. வீட்டுக்கு எடுத்துப் போகும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கசிந்த பேட்டரி மைக்கையே தின்றுவிடும்.

21. வெயில், வியர்வை, எச்சில் மூன்றும் மைக்குக்கு எதிரி. மீனம், மேடம் மாதங்களில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும். பூட்டிய காருக்குள் செட்டை விட்டுவிட்டு அன்னதானத்துக்குப் போகாதீர்கள். நிகழ்ச்சி முடிந்ததும் உடம்பை உலர்ந்த துணியால் துடையுங்கள். வலையை மட்டும் திருகிக் கழற்றி, உள்ஸ்பாஞ்சோடு இளஞ்சூட்டு சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் முழுசாகக் காயவைத்து மாட்டலாம். மைக் தலைக்குள் தண்ணீர் போகக் கூடாது. பல பேர் வாய்வைத்துப் பேசிய மைக்கைக் கழுவாமல் பெட்டியில் போட்டால் அடுத்த மாதம் நாற்றமே காட்டிக்கொடுத்துவிடும்.

22. நேரத்தையும் மாற்று ஏற்பாட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை நாட்களுக்கு மாநில அரசு நள்ளிரவு 12 வரை தளர்வு தரலாம்; அதுவும் வருடத்துக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. அனுமதித் தாள் ஆபரேட்டரின் சட்டைப்பையில் இருக்கட்டும். எத்தனை விலையுள்ள கார்ட்லெஸ் வாங்கினாலும், சோதித்து ஓகே ஆன ஒரு வயர் மைக் மிக்சரில் செருகப்பட்டு, மேடை ஓரம் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். அதன் கேபிளும் மேடை முன்பகுதிவரை வரும் நீளத்தில் இருக்கட்டும். பட்ஜெட்டில் அந்த ஒரு வயர் மைக்குக்கும் கேபிளுக்கும் முதலில் பணம் ஒதுக்கிவிட்டு, மீதியை வைத்துக் கார்ட்லெஸ் பாருங்கள்.